நடந்து கேட்டவர்கள்

நல்ல காரியத்துக்காக நடந்து நிதி திரட்டுகிறவர்களுக்கு ஒரு சோர்வு வரும். கால் வலிக்கு அதில் சிறு பங்குதான். முதல் சில நாட்களில் உறவினரும் நண்பர்களும் தாராளமாகத் தருவார்கள். பிறகு புதிதாகக் கேட்க ஆள் இருக்காது, தந்தவர்களையே மறுபடி கேட்கக் கூச்சமாக இருக்கும், எட்ட வேண்டிய தொகைக்கும் கைக்கு வந்த தொகைக்கும் நடுவிலுள்ள தூரத்தைப் பார்க்கப் பார்க்க மனம் தளரும். இலக்கைப் பெரிதாக வைத்துக்கொள், அதை ஊரறியச் சொல், தினமும் அதையே நினை என்பதுதான் இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து. அந்த மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க நம் நாட்டிலேயே பெரியதொரு சான்று இருக்கிறது. 1951 முதல் 1964 வரை, ஏறக்குறைய 13 ஆண்டுகள், காந்தியவாதி வினோபா பாவே ஊர் ஊராக நடந்து நிலமில்லாதவர்களுக்காக நிலம் கேட்டார். அவரைப் பார்த்து ஆயிரக்கணக்கானவர்கள் தத்தம் பகுதிகளில் நடந்தார்கள். நிலச்சீர்திருத்த வரலாறு எழுதுகிறவர்கள் பூதானம் எனப்பட்ட இந்த இயக்கத்தைப் பெரும்பாலும் தோல்விக் கணக்கில் எழுதி மூடிவிடுகிறார்கள். கால்நடையாகக் கேட்டுத் திரட்டும் வழக்கத்தின் வரலாறாக அதைப் படித்தால் வேறொன்று தெரிகிறது. கேட்கிறவரின் ஊக்கம் பெரிய எண்ணிலிருந்து வரவில்லை. ஒரு நாளுக்குள் அடங்கும் வேலையிலிருந்தும், கொடுத்தது உரியவருக்குப் போய்ச் சேர்வதைக் கண்ணால் காண்பதிலிருந்தும்தான் அது வந்தது. எண் பெரிதாகப் பெரிதாக இந்த இரண்டும் கைநழுவின. அவற்றோடு ஊக்கமும் போயிற்று.

தொடக்கத்தில் இலக்கு என்று எதுவும் இருக்கவில்லை. ஐதராபாத்துக்கு அருகே சிவராம்பள்ளியில் நடக்கவிருந்த காந்தியவாதிகளின் சர்வோதய மாநாட்டுக்காக 1951 மார்ச்சில் வார்தாப் பகுதியிலிருந்து வினோபா நடந்தே புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 55. மாநாடு முடிந்ததும், கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டமும் அதை அடக்கவந்த படைகளும் சேர்ந்து ரணமாக்கியிருந்த தெலங்கானாவுக்குள் போனார். ஏப்ரல் 18 அன்று நல்கொண்டா மாவட்டம் போச்சம்பள்ளியில் தங்கினார். அங்கிருந்த 40 தலித் குடும்பங்கள் பிழைக்க 80 ஏக்கர் வேண்டும் என்றன. அரசாங்கத்திடம் கேட்டு வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவரோ கூடியிருந்த ஊராரையே கேட்டார். நிலக்காரர் வெதிரே ராமச்சந்திர ரெட்டி எழுந்து 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். நிலம் கேட்டவர்கள், நிலம் கொடுத்தவர், நடுவில் கேட்டு வாங்கியவர் மூவரும் அன்று ஒரே கூட்டத்தில் இருந்தார்கள். 80 ஏக்கர் என்பது எங்கோ உட்கார்ந்து திட்டம் போட்டவர்கள் வகுத்த எண்ணன்று. இந்த 40 குடும்பங்களின் வயிற்றுக் கணக்கு. அடுத்த நாள் அடுத்த ஊர், அங்கேயும் அதே கேள்வி. 51 நாட்களில் சுமார் 200 ஊர்களில் 12,201 ஏக்கர் சேர்ந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 240 ஏக்கர். இப்போது பார்த்தால் சின்ன எண்தான். ஆனால் அந்த 51 நாட்களின் வேகத்துக்கும் நம்பிக்கைக்கும் இணையான வேறொரு கட்டம் இயக்கத்தின் பிற்கால வரலாற்றில் எனக்குத் தென்படவில்லை.

அந்த யாத்திரையின் அன்றாட ஒழுங்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விடியலுக்கு வெகு முன்பே எழுவது, இருட்டு பிரியாத நேரத்தில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் நடக்கத் தொடங்குவது, 10 அல்லது 12 மைல் நடந்து காலையிலேயே அடுத்த ஊரை அடைவது, பகலில் ஊராரைச் சந்திப்பது, மாலையில் பிரார்த்தனைக் கூட்டத்தில் பேசுவது, தானபத்திரங்களை வாங்கிக்கொள்வது, சீக்கிரமே படுப்பது. மழையானாலும் வெயிலானாலும் இதுதான். நேற்று ஆயிரம் ஏக்கர் கிடைத்ததா, ஒன்றுமே கிடைக்கவில்லையா என்பதை வைத்து இன்றைய புறப்பாடு மாறவில்லை. போகிற மாநிலத்தின் மொழியைப் படிப்பதும் நூல்களை ஓதுவதும் இந்த ஒழுங்குக்குள்ளேயே இருந்தன. கேட்பதைத் தவிர வேறெதுவும் இல்லாத நாளாக அவர் எந்த நாளையும் வைத்துக்கொள்ளவில்லை. இதை அவருடைய துறவு மனத்தின் அடையாளமாக மட்டும் பார்ப்பது போதாது. கேட்பவரைக் காக்கிற ஏற்பாடும் அதில் இருக்கிறது. மறுப்பு வாங்கிய மாலையிலும் அவருக்கு நடந்து முடித்த 10 மைல் இருந்தது, படித்த பக்கம் இருந்தது, மறுநாள் காத்திருக்கும் ஊர் இருந்தது. கிடைத்த தொகை ஒன்றை மட்டுமே நாளின் பயனாக எண்ணுகிறவருக்கு, கிடைக்காத நாள் முழுவதும் வீணாகிவிடுகிறது. இரண்டு மூன்று நாள் அப்படிப் போனால் நான்காம் நாள் எழுந்திருக்க மனம் வராது.

கேட்ட முறையும் கவனிக்கத் தக்கது. உங்களுக்கு ஐந்து பிள்ளைகள் என்றால் என்னை ஆறாவது பிள்ளையாக எண்ணி ஒரு பங்கு கொடுங்கள் என்பதுதான் அவர் வேண்டுகோளின் சாரம். நிறைய வைத்துக்கொண்டு பெயருக்கு ஏதோ கொடுக்க வந்தவர்களிடம் வாங்க மறுத்திருக்கிறார். ஓரிரண்டு ஏக்கரே உள்ள ஏழை விவசாயி அதிலும் கொஞ்சம் கொடுக்க வந்தபோது மரியாதையோடு வாங்கிக்கொண்டார். பங்கு என்று கேட்டதால் அவர் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. நிதி திரட்டுகிறவர்களைச் சோர்வடையச் செய்பவற்றில் முதலிடம் கூச்சத்துக்குத்தான் என்று நினைக்கிறேன். தனக்காகக் கேட்கிறோமோ, தொல்லை கொடுக்கிறோமோ என்ற அந்தக் கூச்சம் ஒருவரை உள்ளிருந்து அரிக்கும். வாங்க மறுக்கவும் உரிமையுள்ளவராகத் தன்னை வைத்துக்கொண்டவரிடம் அதற்கு வேலையில்லை.

எண் உள்ளே நுழைந்தது 1952இல். ஏப்ரலில் காசிக்கு அருகே சேவாபுரியில் கூடிய சர்வோதய மாநாடு, இரண்டு ஆண்டில் 25 லட்சம் ஏக்கர் என்று தீர்மானித்தது. பிறகு நாடு முழுவதற்கும் 1957க்குள் 5 கோடி ஏக்கர் என்பது இலக்காயிற்று. இந்தியாவின் சாகுபடி நிலத்தில் ஆறில் ஒரு பங்கு என்பது அதன் கணக்கு. ஆறாவது பிள்ளை என்ற வேண்டுகோளையே தேசம் முழுவதற்கும் விரித்ததால் வந்த எண். நியாயப்படி அதில் குறையில்லை. ஆனால் தெலங்கானா வேகத்தில் ஒருவர் நடந்தால் 5 கோடி ஏக்கர் சேர 570 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகவே இனி ஒருவர் நடை போதாது. மாநிலக் குழுக்கள், மாவட்டக் குழுக்கள், காந்தி நினைவு நிதியிலிருந்து உதவித்தொகை பெறும் ஊழியர்கள், முன்கூட்டியே போய் வாக்குறுதி வாங்கிவைக்கும் குழுக்கள் எல்லாம் தேவைப்பட்டன. தானபத்திரம் வாங்குவது தனி வேலையாகவும், நிலத்தைப் பிரித்துக் கொடுப்பது பிறகு பார்த்துக்கொள்ளும் வேறு வேலையாகவும் பிரிந்தது இப்போதுதான். போச்சம்பள்ளியில் ஒரே மாலையில் ஒரே கூட்டத்தில் நடந்தவை, நடுவில் பல ஆண்டுகள் கிடக்கும் இரண்டு காரியங்களாயின.

பீகார் இதற்குத் தெளிவான உதாரணம். 1952 செப்டம்பரில் அங்கே நுழைந்த வினோபா, அந்த மாநிலத்தின் நிலப் பிரச்சினை தீராமல் வெளியேறுவதில்லை என்ற உறுதியோடு 27 மாதங்கள் நடந்தார். டிசம்பரில் சாண்டில் என்ற ஊரில் கடும் மலேரியா அவரைச் சாய்த்தது. முதலில் மருந்தை மறுத்து, பலரும் மன்றாடிய பிறகே ஏற்றுக்கொண்டார். உடல் தேறியதும் மறுபடி நடை. பீகாரின் இலக்கு 32 லட்சம் ஏக்கர். 1954 இறுதியில் அவர் வெளியேறியபோது 22 லட்சம் ஏக்கருக்குக் குறையாமல் காகிதத்தில் சேர்ந்திருந்தது. இயக்கம் நாடு முழுவதும் திரட்டியது 40 லட்சம் ஏக்கருக்குச் சற்று மேல்தான் என்னும்போது, பாதிக்கு மேல் பீகாரிலிருந்தே வந்தது. இதை வைத்துத்தான் என் வாதத்துக்கு முதல் மறுப்பு எழும். பெரிய இலக்கு இல்லாவிட்டால் 22 லட்சம் ஏக்கர் வந்திருக்குமா? தெலங்கானா வேகத்தில் அதே 27 மாதம் நடந்திருந்தால் 2 லட்சம் ஏக்கர் சேர்ந்திருக்கும். பதினோரு மடங்கு அதிகம் கிடைத்திருக்க, ஊக்கம் குறைந்தது என்று எப்படிச் சொல்லலாம்?

வந்த நிலத்தின் தரத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். பெரிய ஜமீன்தார்கள் லட்சம் ஏக்கர் கணக்கில் எழுதிக்கொடுத்தவற்றில் காடும் மலையும் மணலும் ஏராளம். ஜமீன் ஒழிப்புச் சட்டம் ஏற்கெனவே வந்துவிட்ட மாநிலம் அது; தங்கள் கையைவிட்டுப் போகவிருந்த நிலத்தையும் வழக்கில் கிடந்த நிலத்தையும் தானமாக எழுதியவர்கள் உண்டு. சர்வே எண் இல்லாத பத்திரங்களும் இருந்தன. நாடு முழுவதும் சேர்ந்ததில் உண்மையில் பிரித்துக் கொடுக்கப்பட்டது ஏறக்குறைய 12, 13 லட்சம் ஏக்கர். இதுவும் அற்பமன்று. பல மாநிலங்களில் சட்டம் போட்டு, காவலும் நீதிமன்றமும் வைத்து நடத்திய உச்சவரம்புப் பணி தொடக்கக் காலத்தில் தேடித்தந்ததைவிட இது அதிகம் என்பதைப் பூதானத்தைக் கேலி செய்கிறவர்கள் மறந்துவிடக் கூடாது. ஆனால் ஊழியர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். எழுதி வாங்கிய மூன்று ஏக்கரில் இரண்டு பிரித்துக் கொடுக்கப்படாதவை. எந்த ஊரில் எந்தக் குடும்பத்துக்கு நிலம் கிடைத்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அடுத்த மாவட்டத்தில் அடுத்த இலக்கு காத்திருக்கிறது. இலக்கு பத்திரங்களைக் கூட்டியது உண்மை. அந்தக் கூடுதல், நடந்தவர்களின் மனத்துக்கு உரமாகவில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடுமையானது. நிலம் கொடுத்தவர்கள் வினோபாவின் நடைக்காகக் கொடுக்கவில்லை, கம்யூனிஸ்டுகளுக்கும் வரப்போகும் சட்டங்களுக்கும் பயந்து கொடுத்தார்கள்; ஆகையால் நடந்தவர்களின் ஊக்கத்தைப் பற்றிப் பேசுவதே வீண் என்பார்கள். பயம் இருந்தது என்பதை மறுக்க முடியாது. தெலங்கானாவில் உயிருக்கே பயந்து ஊரைவிட்டுப் போன நிலப்பிரபுக்கள் இருந்தார்கள். ஆனால் பயம் தெலங்கானாவோடு நிற்கவில்லையா? உத்தரப்பிரதேசத்தின் ஹமீர்பூர் மாவட்டத்தில் மங்ரோத் என்ற ஊர் 1952 மேயில் தன் நிலம் அத்தனையையும் கிராமத்துக்கே எழுதிக்கொடுத்து முதல் கிராமதான ஊராயிற்று. ஆயுதப் போராட்டம் எதுவும் அந்த ஊரை நெருக்கிக்கொண்டிருக்கவில்லை. ஒடிசாவின் கோராபுட்டில் 1955இல் ஊர் ஊராக வந்த கிராமதானங்கள் பெரும்பாலும் பழங்குடியினருடையவை. இழக்கப் பெரிதாக ஏதுமில்லாத அவர்களை எந்தச் சட்டமும் மிரட்டவில்லை. தவிர, கொடுப்பவரின் காரணமும் கேட்பவரின் ஊக்கமும் வெவ்வேறு. பயத்தால் கொடுத்த நிலமும் நல்ல நிலமாக இருந்து ஏழையின் கையில் சேர்ந்தால் வாங்கித்தந்தவர் நிமிர்ந்து நடப்பார். அன்பால் கொடுத்த நிலமே ஆனாலும் பத்து ஆண்டு பத்திரமாகவே கிடந்தால் அவர் தளர்ந்துபோவார்.

தமிழ்நாட்டுக்கு வினோபா வந்தது 1956இல். மே மாதம் காஞ்சிபுரத்தில் சர்வோதய மாநாடு கூடியது. மறு ஆண்டு கேரளம் போகும் வரை ஏறக்குறைய ஓராண்டு நம் மாவட்டங்களில் நடந்தார். அந்த ஓராண்டில் நடந்தவற்றில் முக்கியமானது பழனியில் எடுத்த முடிவு. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு நாட்கணக்கில் நடந்துபோகும் ஊர் அது. நடைக்கு அங்கே புதிதாக விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே நவம்பரில் கூடி, பூதானக் குழுக்களை எல்லாம் கலைப்பது என்றும், காந்தி நினைவு நிதியிலிருந்து இனிப் பணம் பெறுவதில்லை என்றும் தீர்மானித்தார்கள். இயக்கம் மக்களுடையதாக வேண்டுமென்றால் அலுவலகமும் உதவித்தொகையும் ஊன்றுகோலாக இருக்கக் கூடாது என்பது வினோபாவின் எண்ணம். ஊக்கத்தைப் பற்றி இவ்வளவு துணிச்சலான சோதனையை வேறெந்த இயக்கமும் செய்ததாகத் தெரியவில்லை. விளைவு கசப்பானது. பல மாவட்டங்களில் குழு கலைந்ததோடு வேலையும் நின்றது. சம்பளம் இருந்ததால்தான் நடந்தார்கள் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அந்த ஊழியர்களுக்கு அநீதி. அவர்களுக்கும் குடும்பம் இருந்தது, பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. 5 கோடி என்ற எண்ணுக்காகக் கட்டிய அமைப்பு, அந்த எண் இருக்கும் வரை தனக்குரிய சோற்றையும் கேட்கத்தான் செய்யும். எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு சோற்றை மட்டும் எடுத்தது தவறு. இதைச் சொல்லும்போது வினோபாவின் மீதுள்ள மதிப்பு எனக்குக் குறையவில்லை. ஆனாலும் மற்றவர்களின் உடலையும் வீட்டையும் தன்னுடையவற்றைப் போலவே கணக்கிட்டுவிட்டார் என்று தோன்றுகிறது.

இங்கே மூன்றாவது மறுப்பும் வந்துவிடுகிறது. வினோபா முனிவர், இளமையிலேயே வீட்டைத் துறந்தவர், அவருடைய ஒழுங்கை ஞாயிற்றுக்கிழமை நடந்து புற்றுநோய் மருத்துவமனைக்கு நிதி திரட்டும் சாதாரண மனிதர் எப்படிப் பின்பற்றுவது? முழுவதையும் பின்பற்ற முடியாதுதான். ஆனால் அவரே சாதாரண மனிதர்களுக்காக அமைத்த வழிகளைப் பாருங்கள். கொடுக்க நிலமில்லாதவர் தம் வருமானத்தில் ஒரு பங்கைத் தரும் சம்பத்திதானத்தில், கொடுப்பவர் பணத்தை வினோபாவிடமோ குழுவிடமோ கொடுக்க வேண்டியதில்லை. தம்மிடமே வைத்து, சொன்ன பணிக்குத் தாமே செலவிட்டு, ஆண்டுக்கொரு முறை கணக்கு அனுப்பினால் போதும். தம் பணம் எந்தக் கிணற்றுக்குப் போயிற்று, எந்த உழவுமாட்டுக்குப் போயிற்று என்று கொடுத்தவருக்கே தெரியும். பின்னாளில் வந்த சர்வோதய பாத்திரம் இன்னும் எளியது. வீட்டில் ஒரு பானை. நாள்தோறும் வீட்டுக் குழந்தை அதில் ஒரு பிடி தானியம் போட வேண்டும். நம் வீடுகளின் பிடியரிசியேதான் அது. பெரியவரின் பிடி வேண்டாம், குழந்தையின் சின்னக் கைப்பிடிதான் வேண்டும் என்றார். திரட்டும் நோக்கம் இருந்தால் பெரிய கையைத்தான் கேட்டிருப்பார். வழக்கம் பதிய வேண்டும் என்று நினைத்ததால் சின்னக் கையைக் கேட்டார். துறவிகளுக்கு மட்டுமே இயலும் செயல் என்று இவற்றில் எதுவுமில்லை.

அந்த அறிவு இருந்தும் இயக்கம் 1960களில் எதிர்த் திசையில் ஓடியது வருத்தமான கதை. 1964இல் வினோபா வார்தாப் பகுதியின் பவனாருக்குத் திரும்பி நீண்ட நடையை முடித்தார். மறு ஆண்டு பீகாரில் புயல் வேக இயக்கம் என்று ஒன்று தொடங்கியது. முதுமையாலும் நோயாலும் அவர் இப்போது காரில் போனார். கிராமதானத்தின் நிபந்தனைகள் தளர்த்தப்பட்டிருந்தன. ஊரில் குறிப்பிட்ட அளவினர் கையெழுத்திட்டால் கணக்கில் சேர்ந்துவிடும். ஊர்தானம் வட்டாரதானமாகி, மாவட்டதானமாகி, 1969 அக்டோபரில் ராஜ்கிர் மாநாட்டில் பீகார் மாநிலமே தானமாகிவிட்டது என்று அறிவித்தார்கள். 1970களின் தொடக்கத்தில் நாடெங்கும் கிராமதான ஊர்களின் எண்ணிக்கை 1.6 லட்சத்தைத் தாண்டியது. சட்டப்படி உறுதியானவை அதில் சிறு பங்கே. எண்ணிக்கையில் இதுதான் இயக்கத்தின் சிகரம், ஊக்கத்தில் இதுதான் பள்ளம். கையெழுத்து வாங்கிய ஊரில் மறுநாள் என்ன நடந்தது என்று பார்க்க எவரும் தங்கவில்லை.

இதை முதலில் நேருக்கு நேர் பார்த்தவர் ஜெயப்பிரகாஷ் நாராயண். 1954இல் புத்தகயாவில் தம் வாழ்க்கையையே இந்த இயக்கத்துக்கு அர்ப்பணிப்பதாக அறிவித்தவர் அவர். 1970 ஜூனில் முசாபர்பூர் மாவட்டத்தின் முசஹரி வட்டாரத்தில் சர்வோதய ஊழியர்களுக்கு நக்சலைட்டுகளின் கொலை மிரட்டல் வந்தபோது, மற்ற பயணங்களை விட்டுவிட்டு அங்கேயே போய்த் தங்கினார். ஏற்கெனவே தானமாகிவிட்டதாகக் கணக்கில் இருந்த வட்டாரம் அது. குடிசை குடிசையாகப் போய்ப் பார்த்தபோது, அங்கே ஏழைகளின் வாழ்வில் மாறியது மிகக் கொஞ்சம் என்று தெரிந்தது. நிலம் பிரிக்கப்படவில்லை, வீட்டுமனைக்கு உரிமை இல்லை, கூலி உயரவில்லை. மாநிலம் முழுவதும் வென்றுவிட்டோம் என்ற அறிவிப்பு தராத வேகத்தை ஒரு வட்டாரத்தின் ஊர்களில் மாதக்கணக்கில் தங்கிச் செய்த வேலை அவருக்குத் தந்தது. அவர் வயது அப்போது 67.

நம் பக்கத்தில் ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதியர் அதே பாடத்தை வேறு வழியில் அடைந்தார்கள். இருவரும் வினோபாவின் பாதயாத்திரையில் ஊறியவர்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கணக்கில் நடந்து நிலம் கேட்டவர்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் குடிசையோடு எரிக்கப்பட்ட பிறகு தஞ்சைப் பகுதியே அவர்களின் களமாயிற்று. 1981இல் அவர்கள் தொடங்கிய லாப்டி அமைப்பு தானத்துக்காகக் காத்திருக்கவில்லை. நிலக்காரர்களோடு விலை பேசி, வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, நிலமற்ற தலித் குடும்பங்களின் பெண்கள் பெயரில் பத்திரம் பதிவு செய்து கொடுத்தது. போச்சம்பள்ளியில் ஒரே கூட்டத்தில் நேர்ந்த அந்த மூவர் சந்திப்பு, இங்கே சார்பதிவாளர் அலுவலகத்தில் மறுபடி நேர்ந்தது: விற்பவர், வாங்கும் பெண், நடுவில் கேட்டுப் பேசி முடித்தவர். 1950களில் பூதானத்துக்காக நடந்தவர்களில் பலர் பின்னர் ஒதுங்கிவிட்டார்கள். இந்த இருவரும் 2008இல் ரைட் லைவ்லிஹுட் விருது பெறும் வயதிலும் இந்த வேலையை விடவில்லை. குணவலிமை அதற்கு ஒரு காரணம் என்பதை ஏற்கிறேன். ஆனால் குணவலிமையுள்ள பலர் அந்த இயக்கத்தில் இருந்தார்கள், பாதியில் தளர்ந்தும் போனார்கள். கேட்டு வாங்கிய நிலத்தில் யார் நாற்று நடுகிறார்கள் என்று பெயர் சொல்லத் தெரிந்த இடத்தில் தங்கிவிட்டவர்களே நீடித்தார்கள்.